எண்ணெய் விலையும் மொபெட்டும்: தமிழ்நாட்டுச் சாலைகளில் இருசக்கர வண்டியின் வரலாறு

முன்னுரை

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் மக்கள் சிறிய வண்டிக்கு மாறுகிறார்கள் என்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியபோது, அதுவரை கார் தவிர வேறொன்றையும் நினைத்துப் பார்க்காத பலர் ஸ்கூட்டர் கடைகளை நாடினர். அங்கே ஸ்கூட்டர் என்பது காரிலிருந்து ஒரு படி கீழே இறங்குவது.

தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே ஸ்கூட்டரும் மொபெட்டும் மிதிவண்டியிலிருந்தும் பேருந்துக் கூட்டத்திலிருந்தும் ஒரு படி மேலே ஏறுவதாக இருந்தன. ஆகவே எண்ணெய் விலை உயர்வு இங்கே இரண்டு விதமாக வேலை செய்தது. காரும் பெரிய மோட்டார் சைக்கிளும் எட்டாத குடும்பங்களைச் சிக்கனமான சிறு வண்டியின் பக்கம் அது தள்ளியது. பின்னர், அந்தச் சிறு வண்டியையே நம்பி வாழத் தொடங்கிய குடும்பங்களின் மாதக் கணக்கை ஒவ்வொரு விலையேற்றத்திலும் அதுவே பதம் பார்த்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரி பஸ் காலம்

தமிழகம் எரிபொருள் தட்டுப்பாட்டை முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின் போதுதான். பெட்ரோல் போருக்குப் போனது. பொதுமக்களுக்கும் பேருந்துகளுக்கும் அளந்து கொடுக்கப்பட்டது. அப்போது பேருந்துகளின் பின்புறம் ஓர் இரும்பு உலை பொருத்தப்பட்டது. அதில் அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். மக்கள் இவற்றைக் கரி பஸ் என்று அழைத்தனர். புறப்படுவதற்கு முன் உலையை மூட்டி, சக்கரம் போன்ற விசிறியைச் சுற்றி, கரி கனன்று வாயு வரும் வரை காத்திருக்க வேண்டும். மேட்டில் ஏற வண்டி திணறினால் பயணிகள் இறங்கி நடந்ததும் தள்ளியதும் உண்டு.

மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி வளர்த்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கரிவாயுக் கலன்களை வடிவமைத்துத் தயாரித்தார். டி.வி.எஸ். வாயுக் கலன் என்ற பெயரில் அது வழங்கியது. எரிபொருள் இல்லாத நாளில் வண்டியை ஓட்ட வழி தேடிய அதே குழுமம்தான், நாற்பது ஆண்டுகள் கழித்து எரிபொருள் விலை ஏறிய இன்னொரு காலத்தில் ஓசூரிலிருந்து மொபெட்டை வெளியிட்டது.

இத்தாலியில் பிறந்த வண்டி

இன்று நாம் ஸ்கூட்டர் என்று சொல்லும் வண்டியின் உருவம் போருக்குப் பிந்தைய இத்தாலியில் அமைந்தது. விமானம் செய்துவந்த பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. மக்களிடம் கார் வாங்கப் பணமில்லை. சாலைகளும் மோசமாக இருந்தன. கொராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் வடிவமைத்த வெஸ்பா 1946 ஏப்ரலில் காப்புரிமை பெற்றது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. 98 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த வண்டியில் கால் வைக்கத் தட்டையான தளம் இருந்தது. எஞ்சின் மூடப்பட்டிருந்ததால் உடையில் எண்ணெய் படாது. பாவாடை அணிந்த பெண்களும் எளிதில் ஏறி இறங்கலாம். அடுத்த ஆண்டே மிலான் நகரின் இன்னொசென்ட்டி நிறுவனம் லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது.

1956இல் எகிப்து சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதைத் தொடர்ந்து போர் மூண்டு கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல்கள் வரத் தடை ஏற்பட்டதால் பிரிட்டனில் 1956 டிசம்பர் முதல் சில மாதங்களுக்குப் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குறைந்த எண்ணெயில் அதிக தூரம் செல்லும் ஸ்கூட்டர்களுக்கும் மூன்று சக்கரச் சிறு கார்களுக்கும் அங்கே மதிப்புக் கூடியது. 1959இல் வெளிவந்த புகழ்பெற்ற மினி காரும் இந்த நெருக்கடியின் விளைவாகப் பிறந்ததே. எண்ணெய் தட்டுப்பட்டால் வண்டி சிறுக்கும் என்பதற்கு அது தெளிவான சான்று.

காத்திருப்புக் காலம்

இந்தியாவில் ஐம்பதுகளில் பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்பிரெட்டா வண்டிகளைப் பொருத்தி விற்றது. பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தோடு 1961இல் வெஸ்பா 150 வண்டியை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அந்த உரிமம் 1971இல் முடிந்தது. மறு ஆண்டு பஜாஜ் சேத்தக் என்ற சொந்தப் பெயரில் ஸ்கூட்டர் வந்தது. சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்துவந்த என்ஃபீல்டு நிறுவனமும் அறுபதுகளில் ஃபேன்டாபுலஸ் என்ற கனமான ஸ்கூட்டரைச் செய்தது.

வண்டி இருந்தது, ஆனால் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் முடிவு செய்தது. ஸ்கூட்டர் விற்பனையும் பங்கீடும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மகன் பிறந்தபோது பதிவு செய்த வண்டி அவன் பள்ளிக்குப் போகும்போது வந்தது என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பதிவுச் சீட்டு கையில் இருந்தால் அதற்கே தனி விலை உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்டுவோருக்கு முன்னுரிமை இருந்ததால், வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் அந்த வழியில் முயன்றன.

எனவே எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ஒரு சராசரி எழுத்தர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி ஆகியோரின் வண்டி மிதிவண்டிதான். நீண்ட தூரத்திற்குப் பேருந்து. பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு 1972இல் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. பிற வட்டாரங்களிலும் அரசுக் கழகங்கள் எழுந்தன. ஊர்தோறும் பேருந்து சென்ற மாநிலம் என்ற நற்பெயர் தமிழ்நாட்டிற்கு அப்போது உருவானது.

1973: முதல் எண்ணெய் அதிர்ச்சி

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு எண்ணெய் தருவதில்லை என்று அரபு எண்ணெய் நாடுகள் அறிவித்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. ஏற்கெனவே வறட்சியாலும் விலைவாசியாலும் தத்தளித்த இந்தியாவிற்கு இது பேரிடியாக வந்தது. அரசு பெட்ரோல் விலையைக் கடுமையாக உயர்த்தியது. அதைக் கண்டித்து அன்றைய எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவரான அடல் பிகாரி வாஜ்பாய் 1973 நவம்பரில் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்திற்கு வந்தது இன்றும் நினைவுகூரப்படுகிறது. பிரதமர் இந்திரா காந்தி சிக்கனத்திற்கு எடுத்துக்காட்டாகக் குதிரை வண்டியில் சென்ற படங்களும் செய்தித்தாள்களில் வந்தன.

இந்தச் சூழலில்தான் மொபெட் என்ற சொல் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. மோட்டார், பெடல் என்ற இரு சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்துச் சுவீடிய மொழியில் உருவான சொல் அது. எஞ்சினும் உண்டு, மிதிக்கப் பெடலும் உண்டு. திருப்பதியில் இயங்கிய மொபெட்ஸ் இந்தியா நிறுவனத்தின் சுவேகா வண்டியைத் தமிழ்நாட்டு மக்கள் நன்கு அறிவர். புனேயின் கைனடிக் நிறுவனம் 1972இல் வெளியிட்ட லூனா நாடு முழுதும் பரவியது. 50 சி.சி. எஞ்சின், குறைந்த விலை, குறைந்த எண்ணெய்ச் செலவு, காத்திருப்பும் குறைவு. ஆனால் பெரும்பாலும் ஒருவர் செல்வதற்கான வண்டி அது. பின்னால் இன்னொருவரை ஏற்றினால் எஞ்சின் திணறும்.

ஓசூரிலிருந்து வந்த இருவர் வண்டி

1979இல் ஈரானில் புரட்சி நடந்தது. எண்ணெய் விலை மீண்டும் பன்மடங்கு உயர்ந்தது. இரண்டாம் எண்ணெய் அதிர்ச்சி எனப்படும் இந்தக் காலத்தில், 1980இல், ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் என்ற சிறப்பு அதற்குண்டு.

இருவர் என்ற ஒரு சொல்லில்தான் அதன் வெற்றி அடங்கியிருந்தது. கணவன் மனைவியைப் பின்னால் அமர்த்தி மருத்துவமனைக்குப் போகலாம். அப்பா மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குச் செல்லலாம். இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டை கட்டலாம். கியர் கிடையாது, முறுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். எண்ணெய் தீர்ந்துவிட்டால் பெடலை மிதித்து அடுத்த பெட்ரோல் பங்க் வரை எப்படியாவது போய்ச் சேரலாம்.

அடுத்தடுத்து வந்த எக்ஸ்.எல். வகைகள் கிராமத்தின் சரக்கு வண்டியாகவே ஆகிவிட்டன. இருபுறமும் கேன் தொங்கவிட்ட பால்காரர், பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய மீன் வியாபாரி, பிளாஸ்டிக் குடங்களைக் கோபுரமாக அடுக்கிச் செல்பவர், துணி மூட்டைக்கு மேல் மூட்டை வைத்துத் தவணை வியாபாரம் செய்பவர், வயலுக்கு உரமூட்டையும் வீட்டிற்குப் புல்லுக்கட்டும் ஏற்றும் விவசாயி என்று இதன் பயனாளர் பட்டியல் நீளும். பஜாஜ் நிறுவனத்தின் எம்-80 வண்டியும் எண்பதுகளில் இதே வேலையைச் செய்தது. மற்ற நிறுவனங்களின் பெட்ரோல் மொபெட்டுகள் சந்தையை விட்டு மறைந்த பின்னும், ஓசூர் மொபெட் 100 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறி இன்றும் விற்பனையாகிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கணக்கு

இந்த இடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த கிராமப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர். காலையில் ஏழரை மணிக்கு ஒரு பேருந்து. அதை விட்டால் பத்தேகால் மணிக்குத்தான். முதல் பேருந்தில் போனால் பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் போனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. ஓராண்டு சிரமப்பட்டபின், சக ஆசிரியர் ஒருவரிடமிருந்து பழைய மொபெட் ஒன்றைத் தவணையில் வாங்கினேன்.

வாங்கிய நாள் முதல் ஒரு கோடு போட்ட நோட்டில் பெட்ரோல் கணக்கு எழுதிவந்தேன். பின்னாளில் அந்தக் கணக்கே எட்டாம் வகுப்பில் விகிதம் நடத்த உதவியது. நாள் ஒன்றுக்குப் போகவர 28 கி.மீ. மாதம் 24 வேலை நாள் என்றால் 672 கி.மீ. மொபெட் லிட்டருக்கு 50 கி.மீ. ஓடினால் மாதத்திற்கு 13.44 லிட்டர் வேண்டும். அதே தூரத்தை லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் சென்றால் 44.8 லிட்டர். மூன்று மடங்குக்கும் மேல். கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், சைக்கிள்ல வந்தா எவ்வளவு?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை அதே சாலையில் தினமும் மிதிவண்டியில் ஆலைக்குப் போய்வந்தவர். பூஜ்யம் என்று எழுதினேன். மொபெட்டின் சிக்கனம் என்பது காரோடு ஒப்பிட்டால்தான் சிக்கனம். மிதிவண்டியோடு ஒப்பிட்டால் அது புதிதாக வந்த செலவு என்பதை அந்தக் கேள்விதான் எனக்குப் புரியவைத்தது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது எண்ணெய் விலை மறுபடி எகிறியது. பெட்ரோல் மீது அரசு கூடுதல் வரி விதித்தது. என் நோட்டில் அந்த மாதங்களின் பக்கங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் இல்லை. பள்ளிக்கு மட்டுமே வண்டி. கடைக்கும் கோயிலுக்கும் நடை.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மைய அரசு வெளிநாட்டுக் கூட்டுறவோடு சிறிய இருசக்கர வண்டிகள் தயாரிக்க அனுமதி தந்தது. ஓசூரில் சுசுகி, அரியானாவில் ஹோண்டா என ஜப்பானியத் தொழில்நுட்பம் வந்தது. 1984இல் கைனடிக் ஹோண்டா கியர் இல்லாத ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 எண்ணெய்ச் சிக்கனத்தையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் அதன் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்.

இந்த வேறுபாட்டை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வரும் ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நடக்கும். புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போதே பழைய புகை வெளியேறுவதால், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதியும் புகையோடு வெளியே போய்விடும். எஞ்சின் தேயாமலிருக்கப் பெட்ரோலிலேயே டூ-டி ஆயில் கலக்க வேண்டும். அதுவும் எரிந்து நீலப் புகையாகும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் தனித்தனி வீச்சுகளில் நடக்கின்றன. வால்வுகள் வழியை அடைத்துத் திறக்கின்றன. எனவே வீணாவது குறைவு. விலை கூடுதல் என்றாலும் எண்ணெய்ச் செலவு குறைவு. தொண்ணூறுகளிலிருந்து புகை விதிகள் படிப்படியாகக் கடுமையானபோது டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் சாலையிலிருந்து விலகத் தொடங்கின.

"மைலேஜ் எவ்வளவு?" என்பது வண்டி வாங்கும் தமிழரின் முதல் கேள்வியானது இந்தக் காலத்தில்தான். டீசல் விலை பெட்ரோலை விட மிகக் குறைவாக இருந்த நாளில், சென்னையில் டீசல் எஞ்சின் பொருத்திய டாரஸ் என்ற புல்லட்கூடத் தயாரிக்கப்பட்டது. கனத்த ஓசையும் கரும்புகையும் இருந்தாலும் எண்ணெய்ச் சிக்கனத்திற்காக அதை விரும்பி வாங்கியோர் உண்டு.

பெண்களின் வண்டி

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களுமாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். ஆணின் பின்னால் பக்கவாட்டில் அமர்ந்து செல்வதே வழக்கமாக இருந்த சமூகத்தில் இது பெரிய மாற்றம்.

அதே பத்தாண்டில் ஓசூரிலிருந்து வந்த ஸ்கூட்டியும், 2001இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் அந்த மாற்றத்தை எஞ்சின் வண்டிக்குக் கொண்டுவந்தன. கியர் இல்லை, உதைத்துக் கிளப்பத் தேவையில்லை, சேலையோடும் சுடிதாரோடும் ஓட்டலாம். செவிலியர், ஆசிரியை, வங்கி ஊழியர், ஜவுளிக்கடைப் பணியாளர் எனப் பலரும் தம் நேரத்தைத் தாமே தீர்மானிக்க முடிந்தது. 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகத் தந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் பெருமளவு உயர்ந்திருந்தது.

2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டு பெட்ரோல் விலை உச்சத்தைத் தொட்டது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. வண்டி வைத்திருந்த பெண்கள் சிலர் அதை வீட்டில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறியதை எங்கள் தெருவிலேயே கண்டேன். ஆனால் நேரத்திற்குப் பேருந்து வரும் ஊர்களில்தான் அது முடிந்தது.

நூறு ரூபாய்

முன்பு பெட்ரோல் விலையை அரசே அறிவிக்கும். 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியது. பட்ஜெட் நாளில் மட்டும் விலையைப் பற்றிப் பேசிய மக்கள் அன்றாடம் காலையில் அதைப் பார்க்க நேர்ந்தது.

2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கால் உலகில் எண்ணெய்த் தேவை சரிந்து கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தது. ஆனால் மைய அரசு அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலுமாகப் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. தமிழ்நாடு அரசும் மே மாதத்தில் தன் விற்பனை வரியைக் கூட்டியது. விலை வீழ்ச்சியின் பயன் மக்களுக்கு வரவில்லை. கச்சா எண்ணெய் மீண்டும் ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் வந்து சேர்ந்தது. 2020 மே மாதத்தில் சென்னையில் 75 ரூபாய் அளவில் இருந்த பெட்ரோல், 2021 ஜூலைத் தொடக்கத்தில் 100 ரூபாயைத் தாண்டியது.

நகரின் விளிம்பில் குடியிருந்து 20 கி.மீ. தள்ளி வேலைக்குப் போகும் ஒரு கொத்தனாரை எண்ணிப் பார்க்கலாம். நாளுக்கு 40 கி.மீ.; 25 நாளில் 1,000 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. என்றால் 20 லிட்டர். லிட்டருக்கு 25 ரூபாய் ஏறினால் மாதம் 500 ரூபாய் கூடுதல். அது ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி. கார் வைத்திருப்பவர் ஸ்கூட்டருக்கு இறங்கலாம். இவர் எதற்கு இறங்குவது? 20 கி.மீ. மிதிவண்டி மிதித்துவிட்டுச் சாரம் ஏற முடியுமா?

2021 ஆகஸ்ட் 13 அன்று நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வண்டிகள் இருப்பதைச் சுட்டி, விலையேற்றத்தின் வலி உழைக்கும் ஏழைகளுக்கே அதிகம் என்பதைக் காரணமாகக் கூறினார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்றும் மதிப்பிடப்பட்டது. பெட்ரோல் வரி என்பது கார் வைத்திருக்கும் செல்வர் மீதான வரி என்ற பழைய எண்ணம், இருசக்கர வண்டி பெருகிய தமிழ்நாட்டிற்குப் பொருந்தாது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மைய அரசும் வரியைக் குறைத்தது.

கடலுக்கு அப்பால்

விலை உயர்வுக்கும் அப்பால், எண்ணெயே இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை ஈழத்தமிழர் இருமுறை அறிந்தனர். 1990 முதல் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற்குப் பெட்ரோல் செல்வது நின்றது. அங்கு மோட்டார் சைக்கிள்களைச் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெரும்பாலோருக்கு மிதிவண்டியே வாகனம். அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியும் கேட்டனர்.

2022இல் நெருக்கடி இலங்கை முழுவதற்கும் வந்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் லிட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது வாரத்திற்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவிற்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று அளவு வைக்கப்பட்டது. 4 லிட்டரில் 200 கி.மீ. போகும் சிறு வண்டி வைத்திருந்தவர் வேலைக்குப் போய்வர முடிந்தது.

மீண்டும் ஓசூர்

2020க்குப் பின் எண்ணெயே வேண்டாத ஸ்கூட்டர்கள் பெருகின. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனம் தன் தொழிற்சாலையை ஓசூரில் அமைத்தது. டி.வி.எஸ். 2020இல் ஐகியூப் மின் ஸ்கூட்டரை வெளியிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் 500 ஏக்கரில் ஆலை அமைத்து 2021இல் விற்பனையைத் தொடங்கியது. புனேயின் பழைய சேத்தக் பெயரும் 2020இல் மின் வண்டியாகத் திரும்பி வந்தது. நாற்பதாண்டு முன் மொபெட் பிறந்த வட்டாரமே மின் ஸ்கூட்டரின் தலைமையிடமானது.

மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 கி.மீ. ஓடும் என்று கொண்டால், ஓடும் செலவு பெட்ரோல் வண்டியை விட மிகக் குறைவு. ஆனால் வாங்கும் விலை அதிகம். மின்கலம் பழுதானால் மாற்றும் செலவும் அதிகம். வாடகை வீட்டின் மாடியில் குடியிருப்பவர் எங்கே சார்ஜ் ஏற்றுவது என்ற கேள்வி உண்டு. 2022இல் வேலூரில் சார்ஜ் ஏற்றிய மின் வண்டி தீப்பிடித்துத் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய தீ விபத்துகள் நடந்ததால் மின்கலப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2023 ஜூனில் மைய அரசின் மானியம் குறைந்ததும் வண்டியின் விலை கூடியது. பணம் உள்ளவருக்கே சேமிப்பு முதலில் கிடைக்கிறது. கொத்தனாருக்கும் பால்காரருக்கும் அது இன்னும் எட்டவில்லை.

கொடுத்த விலை

இருசக்கர வண்டியின் வரலாற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் தலைக்கவசம் 2007இலும், சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2015இலும் கண்டிப்பாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் கடந்ததும் அது கைப்பிடியில் தொங்கத் தொடங்கியது. என்னிடம் படித்தவர்களில் மூவரை இப்படி இழந்திருக்கிறேன். மூவரும் தலைக்கவசம் அணியாமல் சென்றவர்கள்; இருவர் வீட்டிலிருந்து இரண்டு கி.மீ. தொலைவுக்குள்.

பேருந்தும் தன் பங்கை இழந்தது. வண்டி வாங்க முடிந்தவர்கள் பேருந்தை விட்டு விலகியதும், பேருந்து தாமதமானால் குரல் கொடுக்கக்கூடியவர்கள் குறைந்தனர். முதியோர், மாணவர், வண்டி ஓட்டாத பெண்கள் ஆகியோரின் சிரமம் கூடியது. நான் பணியாற்றிய கிராமத்திற்கு அந்தப் பத்தேகால் மணிப் பேருந்து சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்டது. ஏற ஆளில்லை என்றார்கள். ஏறியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

முடிவுரை

கரி பஸ்ஸிலிருந்து மின் ஸ்கூட்டர் வரையிலான எண்பதாண்டுக் கதையில், எண்ணெய் அருகும்போதெல்லாம் தமிழகம் ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. மொபெட் அவற்றுள் மிக வெற்றியான வழி. அது தொழில் கொடுத்தது, பெண்களுக்கு விடுதலை கொடுத்தது, தொலைவைக் குறைத்தது. அதே வேளையில் எளிய குடும்பங்களை உலக எண்ணெய்ச் சந்தையோடு கட்டிப்போட்டது. சிறு வண்டிக்கு மாறுவது விலையேற்றத்திற்கு விடை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே மிகச் சிறிய வண்டியில் செல்பவருக்கு அந்த விடை உதவாது. அவருக்கு வேண்டியது நேரத்திற்கு வரும் பேருந்தும், பாதுகாப்பாக மிதிக்கத்தக்க சாலையும், அவர் வருவாய்க்கு எட்டும் மின் வண்டியும் ஆகும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் தம் வீட்டில் முதன்முதலில் வாங்கிய எஞ்சின் வண்டி எது, எந்த ஆண்டு, அதற்கு முன் குடும்பத்தினர் எதில் சென்றனர், அன்று பெட்ரோல் என்ன விலை என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். பதிவுப் புத்தகமும் பழைய ரசீதும் கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டி நிறுவனங்களின் வரலாறு பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. அவற்றை ஓட்டியவர்களின் வரலாற்றை அந்தந்த வீட்டார்தான் எழுத முடியும்.